சரிவா, மேடையா? செங்கோட்டைத் தெருவுக்கு எது பொருந்தும்

நடைபாதை தெருமுனையில் முடியும் இடத்தில், சக்கர நாற்காலியில் வருபவரும் சாலையைக் கடக்க, நகராட்சிக்கு இரண்டு வழி. நடைபாதையைச் சரித்துச் சாலைக்கு இறக்கலாம். இல்லையென்றால் சாலையையே நடைபாதை உயரத்துக்கு மேடையாக ஏற்றலாம்.

சரிவுக்குச் செலவு குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1:12 சாய்வு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால், 15 செ.மீ. உயர நடைபாதைக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். நம் ஊரில் நடைபாதையின் அகலமே அவ்வளவு இருந்தால் பெரிய விஷயம், அதிலும் பாதி டீக்கடை பெஞ்சுக்குப் போய்விடும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, பைக்தான் ஏறும். சாரல் காலத்தில் சரிவின் அடியில் தண்ணீர் வேறு தேங்கும்.

மேடையில் சக்கர நாற்காலி ஏறி இறங்க வேண்டியதில்லை. வண்டிகளும் வேகம் குறைக்கும். ஆனால் மழைநீர் போக அடியில் குழாய் வைத்தாக வேண்டும். பார்வையற்றவருக்கு நடைபாதை எங்கே முடிகிறது என்பது காலுக்குத் தெரியாது என்பதால், புள்ளி பதித்த எச்சரிக்கை ஓடு கட்டாயம். சரிவிலும் அது தேவைதான், மேடையில் இன்னும் அதிகம்.

புளியரை வழியாகக் கேரளா போகும் லாரிச் சாலை தேசிய நெடுஞ்சாலை. நகராட்சி நினைத்தபடி அங்கே மேடை எழுப்ப முடியாது. அங்கே சரிவுதான். பள்ளி, ஆஸ்பத்திரித் தெருக்களுக்கு என் ஓட்டு மேடைக்கே.