கற்பூரவள்ளியா, துளசியா? மட்டக்களப்பு வளவுக்கு எது தோது?

ஒரு சாடிக்குத்தான் இடமென்றால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக்காரர் கற்பூரவள்ளியை வைப்பதே மேல். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை தாண்டியும் கரையோரம் முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் நில்லாது. வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் சாடித் துளசி தலை தொங்கிவிடும். கற்பூரவள்ளி தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைப்பதால் மூன்று நாள் தாங்கும்.

மாரியில் எல்லாம் தலைகீழ். வடிகால் இருந்தால் துளசி மழையில் நிற்கும்; கற்பூரவள்ளியோ அடித்தண்டு கறுத்து அழுகும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களியில் இன்னும் விரைவாக. தடிமனும் இருமலும் வீட்டைச் சுற்றுவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே ஐப்பசிக்கு முன்பே 4 அங்குலத் தண்டு ஒன்றைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, வெட்டுவாய் காய அரைநாள் நிழலில் போடுங்கள். பிறகு 2 பங்கு மணலும் 1 பங்கு மக்கிய மாட்டெருவும் கலந்த சாடியில் இரண்டு கணு புதைய ஊன்றித் தாழ்வாரத்தில் வைத்தால் இரண்டு கிழமையில் வேர் பிடிக்கும். வெட்டிய கையோடு ஈரமண்ணில் ஊன்றுவதால்தான் பலருக்கு அழுகிப் போகிறது.

துளசிக்கு விதை போதும். மேலே தூவி விரலால் அழுத்துங்கள், ஆழப் புதைக்க வேண்டாம். கதிர் வரவர நுனியைக் கிள்ளாவிட்டால் தண்டு விறகாகி இலை சிறுக்கும். மாடத்துத் துளசியில் கைவைக்கத் தயங்கும் வீடுகளில் மருந்துக்கென்று கிணற்றடியில் இன்னொன்று நடுவது நல்லது.

சளி இருமலுக்கு இரண்டும் இதம் தரும், செய்முறைதான் வேறு. கற்பூரவள்ளியில் கார்வக்ரால், தைமால் என்ற காரமான எண்ணெய்கள் இருப்பதால் பச்சைச் சாறு தொண்டையை எரிக்கும். 4 இலையைச் சூடான தாச்சியில் வாட்டிப் பிழிந்து, 1 தேக்கரண்டிச் சாற்றில் அதேயளவு தேன் கலந்தால் பெரியவர்களுக்குப் போதும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. துளசியை அவிக்கத்தான் வேண்டும்: ஒன்றரைக் கோப்பைத் தண்ணீர், 10 இலை, தட்டிய மிளகு 3, மூடிபோட்டு 5 நிமிடம். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். நேரம் கூடினால் கசப்புத்தான் மிஞ்சும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் துளசியை நாளாந்தம் குடிக்குமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ கைமருந்தை நம்பி இருக்காதீர்கள்.

காயவைத்து எடுத்துவைக்கத் துளசியே சரி. நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைக்கலாம். நீர்ப்பிடிப்புள்ள கற்பூரவள்ளி இலை காயுமுன்னே பூஞ்சணம் பிடித்துவிடும்.

சமையலில் துளசிக்கு நம்மூர் அடுப்பில் பெரிய வேலையில்லை. கற்பூரவள்ளி பஜ்ஜிக்கு 1 கோப்பை கடலைமாவும் 2 மேசைக்கரண்டி அரிசிமாவும் கரைத்துக்கொள்ளுங்கள். இலையில் ஈரம் இருந்தால் மா வழுகும், எண்ணெயும் வெடிக்கும், துடைத்துவிட்டு முக்குங்கள். எண்ணெய் கொதித்துப் புகைந்தால் வெளியே கருகி உள்ளே இலை பச்சைக் காரமாகவே நிற்கும். அதைவிட ருசி பச்சடி: 6 இலையை வதக்கி, 2 மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம் சேர்த்து அரைத்து, சட்டி எருமைத்தயிர் ஒரு கோப்பையில் உப்போடு கலக்குங்கள். வதக்காமல் அரைத்தால் தயிர் முழுக்க மருந்து மணம்.

நுளம்புக்கு இரண்டையும் பெரிதாக நம்பவேண்டாம். செடி நிற்பதால் மட்டும் நுளம்பு ஓடாது. காய்ந்த துளசியை வேப்பிலையோடு தணலில் போட்டால் புகை இருக்கும்வரை விலகும். மூச்சிழுப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் அதிலும் டெங்கு நுளம்பு பெருகும். தட்டை எடுத்துவிட்டுச் சாடியை இரண்டு செங்கல்லில் ஏற்றுங்கள், கற்பூரவள்ளி வேரும் அழுகாது.