விட்டுப்போன கோப்பைச் சொல்லிவிடும் ஃப்ரீஃபைல்சிங்க்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் மன்னார்குடியில் எங்கள் அச்சகத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்தது. கணினி நனைந்து, பதினோரு வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் கும்பாபிஷேக அழைப்பிதழ்களும் போயின. அதன்பிறகு ஒருநாள்கூட பேக்கப் எடுக்காமல் நான் கடையடைத்ததில்லை.

அப்படியிருந்தும் போன தை மாதம் ஏமாந்தேன். பெரியவர் ஒருவர் வந்து, "தங்கச்சி, பெண்ணுக்கு அடித்த அதே பத்திரிகை பையனுக்கும் வேண்டும்" என்றார். பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால் அந்த ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அது. தினமும் பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்று காட்டிக்கொண்டிருந்தது. தனக்கு அனுமதி மறுக்கப்பட்ட கோப்புகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூலக் கோப்பு பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன்.

அன்றே ஃபோல்டர்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஃப்ரீஃபைல்சிங் என்ற மென்பொருளுக்கு மாறினேன். தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் ஓட்டத்திலேயே சிவப்பு வரிகள் வரிசைகட்டி நின்றன. எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டருக்குள், என்ன காரணம், பிழை எண் 5, அனுமதி மறுப்பு. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியதே அந்தப் பட்டியல்தான்.

கஜாவுக்குப் பின் வாங்கிப் பழசாகிப்போன கணினியின் டிஸ்க்கை எடுத்துப் புதியதில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டியிருந்தேன். அதிலுள்ள கோப்புகள் பழைய விண்டோஸில் இருந்த என் கணக்குக்குச் சொந்தம். புதிய கணினிக்கு அந்த நான் யாரென்று தெரியாது. மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, இயக்கியதும் பாதிக்கு மேல் சரியாயிற்று. மீதி ஃபோல்டர்களில் வலது கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டியைத் திறந்தால், பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் இருந்தது; பழைய கணக்கின் அடையாள எண் அது. அட்வான்ஸ்டு பக்கத்தில் ஓனரை என் இப்போதைய கணக்குக்கு மாற்றி, உள்ளேயிருக்கும் அனைத்துக்கும் அதையே பொருத்தும் கட்டத்தையும் டிக் செய்து, பிறகு எனக்கு முழு அனுமதி கொடுத்தேன். இதை உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டரின் உரிமையில் கை வைக்காதீர்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கியதில் ஒரு புதுத் தலைவலியும் வந்தது. கடையின் இன்னொரு கணினியில் பகிர்ந்த ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக என் கணினியில் இசட் (Z:) டிரைவாக இணைத்து அதற்குள்தான் நகல் போடுவேன். அந்த இசட் டிரைவே இல்லை என்றது மென்பொருள். திரையில் பக்கத்திலேயே திறந்திருந்த ஃபோல்டர் ஜன்னலில் அது கண்ணெதிரே தெரிகிறது! ஒரு மாலை முழுக்க இதிலேயே போயிற்று. சாதாரணமாக உள்ளே நுழைவதையும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு இயங்குவதையும் விண்டோஸ் தனித்தனி அமர்வுகளாக நடத்துகிறது; ஒன்றில் இணைத்த டிரைவ் எழுத்து மற்றொன்றுக்குத் தெரியாது. எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்கோடு போட்டு அந்தக் கணினியின் பெயரையும் பகிர்ந்த ஃபோல்டரின் பெயரையும் (\\கணினி\ஃபோல்டர் என்பதுபோல) நேராக எழுதினேன். உடனே ஓடியது.

பிழை எண் 32 வந்தால் அது வேறு கதை: கோப்பை இன்னொரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பில் போடும் புரோகிராமை மூடிவிட்டு ஓடவிட்டேன், தீர்ந்தது.

குறைகளும் உண்டு. 'மிர்ரர்' முறையில், மூலத்தில் அழித்த கோப்பு நகலிலும் அழிந்துவிடும். அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், அழியும் கோப்புகள் தனி ஃபோல்டருக்குப் போகும்படி முதல் நாளே அமைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவருக்கு இது சட்டென்று புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்லித்தர வேண்டும். கோப்பு அனுமதிகளையும் சேர்த்து நகலெடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. என்னைப் போன்ற கடைக்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம், பழைய கணக்கின் பூட்டு நகலுக்கும் போய்விடும்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, பேக்கப்பிலிருந்து நாலைந்து பத்திரிகைகளைத் திறந்து பார்க்கிறேன். பெரியவருக்கு ஐந்நூறு பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று. முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி என்னிடமே நீட்டினார்.