15 வயது போலோ, வீட்டு போர்ட்டிகோவில் 9 வருட வேலை

எங்கள் ஃபோக்ஸ்வேகன் போலோ கார் 2010 ஆகஸ்டில் பதிவான வண்டி. 15 வருடம் நிறைந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் 5 வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. இன்ஸ்பெக்டர் விளக்குகளை எரியவிட்டுப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், சேசிஸ் நம்பரைச் சரிபார்த்தார். "வண்டிய நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு வீடு வரைக்கும் மனசு நிறைந்திருந்தது. பழைய ஃபோக்ஸ்வேகன் வைத்திருப்பவர்களுக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல், 75 குதிரைத்திறன், ட்ரெண்ட்லைன் வேரியன்ட். புனே பக்கத்தில் சாக்கன் தொழிற்சாலையில் செய்தது. 2016-ல் இரண்டாவது ஓனராக வாங்கும்போது 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,68,000.

வீட்டில் வேலை செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு சத்தம். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் முன்பக்கம் கடகடவென்று கேட்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பர் இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) இரண்டு, ஸ்டியரிங் ராக் எல்லாமே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் தந்தார்கள். நான் கார் வாங்கிய விலையில் கால்வாசி அது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரத்தைக் கழற்றி ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்ததில், ஸ்டெபிலைசர் லிங்க் ராடின் (திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சின்ன ராடு) பால் ஜாயின்ட் ரப்பர் கிழிந்து கிடந்தது. கையால் தொட்டாலே ஆடியது. இரண்டு பக்கமும் லிங்க் ராடு மட்டும் வாங்கி மாற்றினேன். சத்தம் போய்விட்டது. ஷாக் அப்சார்பர் அதற்குப் பிறகும் 40,000 கிலோமீட்டர் ஓடியது.

அதன் பிறகு செய்த வேலைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இந்தக் காரில் இரும்பு மெதுவாகத்தான் வயதாகிறது, ரப்பரும் பிளாஸ்டிக்கும் வேகமாக வயதாகின்றன. கதவு இன்றைக்கும் கனமாக, ஒரே சத்தத்தோடு சாத்துகிறது. பாடியில் துருவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் சென்னை வெயிலில் 15 வருடம் வெந்த புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை), ஹோஸ், கிளிப், ஒயர் சாக்கெட் எல்லாம் விரலால் அழுத்தினால் பொடியாகின்றன. என் வண்டிக்கு வந்த பெரிய வியாதிகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு சின்ன ரப்பரில்தான் தொடங்கின.

உதாரணத்துக்கு லோயர் ஆர்ம் புஷ். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் லேசாக இழுத்தது, டயரின் உள்விளிம்பு தேய்ந்தது. புஷ்ஷை அழுத்தி ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், அது வீட்டில் இல்லை. அதனால் ஆர்மை மட்டும் கழற்றி, ஒரு லேத் பட்டறையில் பழைய புஷ்ஷை எடுத்துப் புதுசை ஏற்றிக்கொண்டு வந்தேன். மறுபடி மாட்டும்போது செய்த தவறு முக்கியமானது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழு இறுக்கம் கொடுத்துவிட்டேன். ஜாக்கியை இறக்கியதும் ஆர்ம் மேலே வருகிறது. புஷ்ஷின் நடுக்குழாய் போல்ட்டோடு இறுகிவிட்டதால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கிறது. எட்டே மாதத்தில் புதுப் புஷ் கிழிந்துவிட்டது. இரண்டாவது தடவை போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்படி இறக்கி, அப்புறம் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) இறுக்கினேன். அது ஐந்து வருடமாக அப்படியே இருக்கிறது. புஷ் சீக்கிரம் போகிறது என்று புலம்புகிறவர்கள், மாட்டும்போது யார் எப்படி இறுக்கினார்கள் என்று ஒரு முறை விசாரியுங்கள்.

சக்கரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில், சக்கரம் பொருந்தும் ஹப்பிலேயே ஸ்டட் (நீட்டிக்கொண்டிருக்கும் மறையாணி) இருக்கும். சக்கரத்தை அதில் மாட்டிவிட்டு நட்டை முடுக்கலாம். போலோவில் ஸ்டட் கிடையாது, போல்ட்தான். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே துவாரத்தை நேராக்கிப் போல்ட்டை நுழைக்க வேண்டும். தனியாளாகச் செய்தால் முதுகு போய்விடும். அதே எம்14 அளவில் நீளமான ஒரு போல்ட் வாங்கி, தலையை அறுத்துவிட்டு, லேத்தில் நுனியைக் கூர்மையாக்கச் சொன்னேன். அதை ஹப்பில் கையால் திருகிவிட்டால் சக்கரம் அதில் தொங்கும். மற்ற போல்ட்களைப் போட்ட பிறகு எடுத்துவிடலாம். என் டூல் பாக்ஸில் ரொம்பப் பயன்பட்ட சாமான் இதுதான். கடைசி இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, தாம்பரம் தாண்டி வரும்போது வண்டி உதறியது, என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரைக்கும் ஓட்டி வந்து பார்த்துக்கொள்ளலாம். இப்படி மின்னினால் ஒரு சிலிண்டர் எரியாமல் பெட்ரோல் அப்படியே வெளியே போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதனால் ஓரம் கட்டினேன். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறைப் போனில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் என்னிடம் உண்டு. போனில் பார்த்தால் பி0302 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். இந்த என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறி வரவைக்கத் தனி இக்னிஷன் காயில். மறுநாள் காலை முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவது சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்தேன். குறியீடு பி0301 ஆக மாறி வந்தது. காயில் போன இடத்துக்குக் கூடவே கோளாறும் போனதால், பிளக் மேலும் இன்ஜெக்டர் மேலும் சந்தேகம் தீர்ந்தது. கழற்றிப் பார்த்த காயிலின் ரப்பர் உறை நெடுக மயிரிழை விரிசல். ஒரு காயில் வாங்கிப் போட்டேன், பிளக் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். இந்த இடம் மாற்றிப் பார்க்கும் முறைக்குப் பைசா செலவில்லை. புதுசு வாங்கி மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. வாங்கியபோது டேங்கில் பழுப்புத் தண்ணீர் இருந்தது. முந்தைய ஓனர் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நான்கு முறை டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசிய பிறகுதான் தெளிந்தது. அப்புறம் இந்தக் காருக்கென்று உள்ள பிங்க் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். கடையில் கிடைக்கும் பச்சைக் கூலன்ட்டை இதோடு கலக்காதீர்கள், சேறுபோல் கட்டி ரேடியேட்டரை அடைக்கும். 1,20,000 கிலோமீட்டரில் தெர்மோஸ்டாட் ஹவுசிங் கசிந்தது. அதுவும் பிளாஸ்டிக்தான். பானெட்டைத் திறந்தால் லேசான இனிப்பு வாசனை, இணைப்பைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி இளஞ்சிவப்புக் கறை. வாரம் ஒரு தடவை பார்த்ததால் என்ஜின் சூடாவதற்கு முன்பே பிடித்துவிட்டேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் பாதி டயர் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழை விட்டதும் பார்த்தால் இடது பக்க கார்ப்பெட் பிழிந்தால் கொட்டும் அளவுக்கு ஈரம். வெள்ளத் தண்ணீர்தான் உள்ளே வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வலது பக்கம் காய்ந்திருந்தது. கிளவ் பாக்ஸுக்குக் கீழே இருக்கும் ஏ.சி. ஃபில்டரை உருவினேன், அதுவும் நனைந்திருந்தது. அப்படியென்றால் தண்ணீர் மேலிருந்து வந்திருக்கிறது. வைப்பர் கையைக் கழற்றி, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால், தண்ணீர் வடியும் வழி முழுக்க வேப்பிலை அடைத்து மண்ணாகவே மாறியிருந்தது. வடிய வழியில்லாத மழை, காற்று போகும் துவாரம் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை டேபிள் ஃபேன் போட்டு மூன்று நாள் காயவைத்தோம். அங்கே இருந்த எர்த் ஒயரின் முனையில் பச்சை பிடித்திருந்தது, தேய்த்துச் சுத்தம் செய்தேன். இப்போது ஐப்பசி பிறக்கும் முன் அந்த மூடியைத் திறந்து இலையை அள்ளுவது எங்கள் வீட்டு வழக்கம். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கதவு திறந்தாலும் உள்விளக்கு எரியாத பிரச்சினை கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்சில். பூட்டைக் கழற்றி ஸ்விட்சை மட்டும் மாற்றி சால்டரிங் செய்தேன். பவர் விண்டோ இறங்கிப்போனதற்கு ஒரு பிளாஸ்டிக் கிளிப். இரண்டுமே பொறுமை கேட்கும் வேலைகள், கஷ்டமானவை இல்லை.

ஆயிலுக்கு வரலாம். டப்பாவின் பின்பக்கம் வி.டபிள்யூ. 502 00 என்று போட்டிருக்கும் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் மட்டும்தான் ஊற்றுகிறேன். கம்பெனி சொல்வது 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். நம் ஊர் நெரிசலில் கிலோமீட்டர் ஏறாமலே என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் 7,500-க்கே மாற்றிவிடுகிறேன். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். அந்தச் செயினும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. ஆயிலில் சேமிக்கும் காசு அங்கே போய்விடும்.

பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. டாட் 4. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மகள் டிரைவர் சீட்டில் உட்காருவாள், நான் பின் சக்கரத்தில்.

"அழுத்திப் பிடிம்மா... விடாத."

"பிடிச்சிட்டேன்ப்பா."

பதினான்கு வயதில் அவள் கற்றுக்கொண்ட வேலை இது. இப்போது ஃப்ளூயிட்டின் நிறத்தைப் பார்த்தே மாற்றும் நேரமா என்று சொல்லிவிடுகிறாள்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் அதிகம். இந்தியாவில் போலோ தயாரிப்பு 2022-ல் நின்றுவிட்டது. ஆனாலும் வென்டோ, ஸ்கோடா ரேபிட் வண்டிகளோடு நிறைய சாமான்கள் பொதுவானவை, அதனால் இதுவரை தட்டுப்பாடு பார்க்கவில்லை. புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. கதவு டிரிம், ஹெட்லைட் பிராக்கெட், இரும்பு ரிம் எல்லாம் புதுப்பேட்டையில் வாங்கியவை. ஒரு முறை என்ஜின் மவுண்ட் கேட்டபோது கடைக்காரரே தடுத்தார்: "ரப்பர் ஐட்டம் மட்டும் பழசு வாங்காதீங்க சார். இதுவும் உங்க வண்டி வயசுதான்." வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொன்ன அந்த மனிதரை மறக்க முடியாது.

வீட்டில் தொடவே கூடாதவை என்று சில வைத்திருக்கிறேன். ஏ.சி. கூலிங் காயில், கிளட்ச், செயின். இதற்கெல்லாம் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கிடம் போகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருநாளும் போனதில்லை. இரண்டு ஆக்சில் ஸ்டாண்டும் கனமான ஒரு ஜாக்கியும்தான் முதலில் வாங்க வேண்டியவை. அடுத்தது டார்க்ஸ் பிட் செட். இந்தக் காரில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ அவ்வளவு இருக்கிறது. சாதாரண ஸ்க்ரூடிரைவரால் முயன்றால் தலை வழுக்கிவிடும், அப்புறம் டிரில் பண்ணித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது என் கவலை பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எங்கேயும் கிடைக்கிறது. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 13 தருகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்குமா என்பதுதான் பயம். ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பெட்ரோல் லைனை முழுக்கத் தடவி முகர்ந்து பார்க்கிறேன். வாசனை வந்தால் அன்றே மாற்ற வேண்டும், அதில் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, எந்த ஸ்பானராலும் செய்ய முடியாத ஒன்று. என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. அந்தக் காலத்தில் நம் நாட்டில் அவை கட்டாயம் இல்லை. 2014-ல், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை, இரண்டு ஏர்பேக் உள்ள அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதன் பிறகு எல்லாப் போலோவிலும் இரண்டு ஏர்பேக் வந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் 2014-க்குப் பிந்தைய வண்டியைத் தேடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. இதனால் நாங்கள் ஊருக்கு ரயிலில்தான் போகிறோம். மகளுக்கு 18 ஆனதும் எல்.எல்.ஆர். எடுத்தாள், இந்தக் காரில்தான் கற்றுக்கொள்கிறாள். காலையில் ஆறு மணிக்கு, காலித் தெருக்களில், 40-க்கு மேல் போகாமல்.