தமிழில் எழுதப் பழக்க எதை வாங்கலாம்? வீட்டுக்கல்விப் பெற்றோருக்கு ஒரு மதிப்புரை

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் சென்னைப் பெற்றோருக்குக் கணக்கைவிடவும் அறிவியலைவிடவும் எழுத்துப் பயிற்சிதான் கையைக் கடிக்கிறது. அமெரிக்காவில் தயாராகும் எழுத்துப் பயிற்சித் தொகுப்புகள் டாலர் விலையில் விற்கப்படுகின்றன. ஆசிரியர் கையேடு, மாணவர் ஏடு, காணொளி என்று பிரித்துப் பிரித்து விற்பதோடு அஞ்சல் செலவும் சேர்ந்துகொள்கிறது. அத்தனையும் கொடுத்து வாங்கினாலும் அவை பழக்குவது ஆங்கில எழுத்தைத்தான். தமிழ் எழுத்துப் பயிற்சிக்கு நான் என் மகளுடன் பயன்படுத்திப் பார்த்தவற்றுள் விலைக்கும் பயனுக்கும் பொருத்தமானவை தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் தமிழ்ப் பாடநூல்களே என்பது என் முடிவு. ஆனால், பள்ளியில் நடத்துவதுபோல் அவற்றை வீட்டில் நடத்தினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. என்றே நாம் இன்றும் சொல்லும் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில், இந்நூல்களை நேரில் வாங்கலாம். கழகத்தின் இணையதளத்தில் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வோர் இயலிலும் கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம் ஆகியவற்றைத் தொடர்ந்து, ‘கற்கண்டு’ என்ற தலைப்பில் இலக்கணமும், ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ என்ற தலைப்புகளில் பயிற்சிகளும் வருகின்றன. எழுத்துப் பயிற்சிக்குத் தேவையான சரக்கு பெரும்பாலும் இந்தக் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. தொடர்களை இணைப்பது, பிழை திருத்துவது, கடிதம் வரைவது என்று தனிப் பயிற்சி ஏடுகளில் காசு கொடுத்து வாங்கும் அத்தனையும் இங்கே உண்டு. தேர்வுக்கு வராது என்று பள்ளிகளில் இவற்றைத் தாண்டிச் செல்வது வழக்கமாக இருக்கலாம்; வீட்டில் அந்த அவசரம் இல்லை.

குறை கட்டுரைப் பகுதியில் இருக்கிறது. முன்னுரை, நடுவில் சில துணைத்தலைப்புகள், முடிவுரை என்று சட்டகத்தை நூலே கொடுத்துவிடுவதால், குழந்தை சிந்திக்க வேண்டிய வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. எஞ்சுவது இட்டு நிரப்பும் வேலை மட்டுமே. கட்டுரை ஏடுகளை மனப்பாடம் செய்யும் பழக்கமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இந்தக் குறையைச் சரிசெய்ய, அமெரிக்க வீட்டுக்கல்வியாளர்களிடையே பரவலாக இருக்கும் ஒரு முறையைப் பணம் செலவழிக்காமலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பத்தியின் ஒவ்வொரு தொடரிலிருந்தும் மூன்று முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, நூலை மூடிவைத்துவிட்டு, அச்சொற்களைக் கொண்டு பத்தியைத் தன் நடையில் திரும்ப எழுதுவதே அம்முறை. உரைநடை உலகத்தின் பத்திகள் இதற்கு மிகவும் ஏற்றவை. தமிழில் இம்முறை இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. “குளிர்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குகின்றன” என்ற தொடரிலிருந்து என் மகள் குளிர்காலம், சதுப்பு நிலம், பறவைகள் என்று உருபு நீக்கிக் குறித்துக்கொண்டாள். திரும்ப எழுதியபோது “குளிர்காலம் வந்ததும் பறவைகள் சதுப்பு நிலத்தை தேடி வருகின்றன” என்று வந்தது. ‘நிலத்திற்கு’ என்பது ‘நிலத்தை’ என்று மாறியதால், எந்த உருபு எந்த வினையோடு சேரும் என்பதை அவளே தீர்மானிக்க வேண்டியிருந்தது; விடுபட்ட ‘த்’ கண்ணில் பட்டதும், இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதியை அந்த இடத்திலேயே சொல்ல முடிந்தது. கற்கண்டுப் பகுதியைத் தனியாக நடத்தியிருந்தால் இவ்வளவு எளிதில் பதிந்திருக்காது.

இன்னொரு முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிறு குழந்தை கதையை வாயால் சொல்ல, பெற்றோர் அதை எழுதிக்காட்டும் பயிற்சி ஆங்கிலத்தில் பெரிய சிக்கல் இல்லாமல் நடக்கும். தமிழிலோ, “நரி கிட்ட போயி பாத்துச்சு” என்று குழந்தை சொல்வதை அப்படியே எழுதினால் எழுத்து நடை பழகாது. நாமே திருத்தி எழுதினால், தான் சொன்னது தவறு என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். நோட்டின் இடப்பக்கத்தில் என் மகள் சொன்னபடியே எழுதி, வலப்பக்கத்தில் “நரி அருகில் சென்று பார்த்தது” என்று இருவரும் சேர்ந்து எழுதுவதே எங்களுக்கு ஒத்துவந்த வழி. 2019இல் வெளிவந்த ஏழாம் வகுப்புத் தமிழ் நூலில் ‘பேச்சுமொழியும் எழுத்துமொழியும்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. வகுப்பைப் பாராமல் பெற்றோர் முதலில் அதைப் படித்துக்கொள்வது நல்லது.

கதைகளுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளம் போதும். 2015இல் தொடங்கிய இத்தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியாவதால் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லை. முதல் நிலைக் கதைகள் டிக்டேஷனுக்கு மிகவும் உதவும். ‘ழ’வையும் ‘ள’வையும் ஒன்றாகவே ஒலிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, நாள்தோறும் நான்கைந்து வரி சொல்லி எழுத வைப்பதைவிடப் பயனுள்ள பயிற்சியை நான் காணவில்லை. சொல்பவரும் ‘ழ’வைச் சரியாக ஒலிக்க வேண்டும். ஆனால், சில மொழிபெயர்ப்புக் கதைகளின் தொடரமைப்பு தமிழாக ஒலிப்பதில்லை. வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆங்கிலத்திற்கு என்.சி.இ.ஆர்.டி. நூல்களை எடுத்துக்கொண்டோம், அவையும் இணையத்தில் இலவசம். பின்னாளில் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அதுவரை தேர்வு விடைகளுக்கான எழுத்தைப் பழக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நோட்டுகளைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்குவது கட்டுப்படியாகும்.

எந்த வகுப்பு நூலில் தொடங்குவது என்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஒன்பது வயது என்பதற்காக நான்காம் வகுப்பு நூலை வாங்கிவிடாமல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு நூல்களின் பி.டி.எஃப்.களிலிருந்து ஒரு பத்தியை எடுத்து டிக்டேஷன் கொடுத்துப் பாருங்கள். வரிக்கு ஒரு பிழைக்கு மேல் வராத வகுப்பு எதுவோ, அதன் நூலை வாங்கினால் போதும்.