அக்கா பிள்ளைக்கு தைச்ச க்வில்ட்: 5 இன்ச் துண்டுத்துணி பண்டில் வாங்கலாமா?

அக்காவுக்கு இது ரெண்டாவது பிள்ளை, வளைகாப்பு அன்னைக்கே நான் சொல்லிட்டேன், இந்தத் தடவை கடையில வாங்காதீங்க, க்வில்ட் (துண்டுத்துணிங்கள சேத்து, உள்ள பஞ்சு வச்சுத் தைக்கிற விரிப்பு) நானே தைச்சுத் தர்றேன்னு. பிளவுஸ், பாவாடை, தலகாணி உறை எல்லாம் தைப்பேன் ஆனா க்வில்ட் தைச்சதே இல்ல, அதனால வெட்டுற வேலையாவது மிச்சமாகட்டும்னு சார்ம் பேக் வாங்கினேன். ஒரே டிசைன் வரிசையில வர்ற துணிங்கள 5 இன்ச் சதுரமா வெட்டி அடுக்கி விப்பாங்க, பெரும்பாலும் ஒரு கட்டுல 42 துண்டு இருக்கும். நான் ரெண்டு இடத்துல வாங்கினேன், ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல்ல ஆன்லைன்ல வாங்கினது, 12 சிங்கப்பூர் வெள்ளி. படத்துல அவ்ளோ அழகு. கையில வந்ததும் ஸ்கேல் வச்சுப் பாத்தா சிலது 4¾ இன்ச், சிலது 5க்கு மேல, நாலஞ்சு துண்டு நூலோட்டத்துக்கு நேரா வெட்டாம சாய்வா வெட்டியிருந்தாங்க, ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது. சிவப்புத் துண்டை ஈர வெள்ளைத் துணியில தேச்சேன், அப்படியே சாயம் ஒட்டிக்கிச்சு. பிள்ளை வாயில வைக்கிற சாமான், இதை எப்படி விக்க மனசு வருது? எழுதிக் கேட்டேன், இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

அப்புறம் சிட்டியில ஒரு கைவேலைச் சாமான் கடைக்கு நேர்லயே போய் வாங்கினது 24 வெள்ளி. காசு டபுள்தான், ஆனா 42 துண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா ஒரே சதுரம். துணியும் நல்ல கெட்டியான காட்டன். ஓரம் ஜிக்ஜாக்கா பல்லு பல்லா வெட்டியிருக்கும், நூல் பிரியாம இருக்கத்தான் அது. அளக்கும்போது பல்லோட நுனியில இருந்து அளக்கணுமா பள்ளத்துல இருந்தான்னு எனக்கு முதல்ல குழப்பம், என் பண்டில்ல நுனியில இருந்து நுனிக்குத்தான் சரியா 5 இன்ச் இருந்துச்சு, அதனால நுனியையே மெஷின் கோட்டுல வச்சு ஓட்டினேன். தைக்கிறதுக்கு முன்னாடி இந்தத் துண்டுங்கள மட்டும் துவைச்சிடாதீங்க, சின்னத் துண்டு, சுருங்கி ஓரம் எல்லாம் நாராப் போயிடும். முடிச்சப்புறம் துவைச்சா போதும்.

அளவு சரியா இருக்கணும்னு நான் ஏன் இவ்ளோ சொல்றேன்னா, க்வில்ட்ல தையலுக்கு விடுறது கால் இன்ச்தான். அதுல 1/16 இன்ச் கூடப் பிடிச்சா ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு பக்கமும் சேந்து 1/8 போயிடும், ஒரு வரிசையில 6 துண்டுன்னா 5 தையல், 5/8 இன்ச் காணோம், பக்கத்து வரிசையோட மூலை சேரவே சேராது. நாம ஒழுங்கா தைச்சாலும் துண்டே கோணலா இருந்தா என்ன பண்றது? நல்ல பண்டில்ல ஒரு வரிசைக்கு தையல் மடிப்பை இடது பக்கமும் அடுத்த வரிசைக்கு வலது பக்கமும் அயர்ன் பண்ணினேன், ரெண்டு வரிசையையும் சேக்கும்போது மடிப்பு ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு டக்குனு உக்காரும், அது விரலுக்கே தெரியும், அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

ஒரு பண்டில் மட்டும் பத்தாதுங்க. 6க்கு 7 அடுக்கினா தையலுக்குப் போனது போக 27க்கு 31½ இன்ச்தான் வருது. நான் 4½ இன்ச் அகலத்துல வெள்ளைத் துணி வெட்டி நாலு பக்கமும் பார்டர் வச்சேன், கிட்டத்தட்ட 35க்கு 40 ஆச்சு. பார்டருக்கும் அடித்துணிக்கும் புகிஸ் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கி அரப் ஸ்ட்ரீட் நடந்தேன், அங்க மீட்டர் கணக்குல காட்டன் வாங்கலாம், தொட்டுப் பாத்து வாங்கலாம். அடிக்கு 44 இன்ச் அகலத்துணி 1¼ மீட்டர் எடுத்தேன், மேல்துணியை விட சுத்தி ரெண்டு மூணு இன்ச் பெருசா இருக்கணும்ல.

உள்ள வைக்கிற பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங் மட்டும் மெல்லிசான காட்டன்லயே வாங்குங்க, நம்ம ஊரு புழுக்கத்துக்கு பாலியெஸ்டர் வேணாம். காட்டன் பேட்டிங் முதல் துவையல்ல கொஞ்சம் சுருங்கி துணி மேல சின்னச் சின்ன சுருக்கம் விழும், பாட்டி பழைய புடவைய அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுத் தர்ற விரிப்பு மாதிரியே இருக்கு, அக்கா கையில வாங்கினதும் அதைத்தான் சொன்னாங்க.

முக்கியமா ஒண்ணு, ஒரு வயசு ஆகிற வரைக்கும் பிள்ளை தூங்கும்போது தொட்டில்லயோ பேபி கட்டில்லயோ க்வில்ட் போடக்கூடாது, முகத்துல மூடினா மூச்சு முட்டும். எங்க வீட்டுல அதை ஹால்ல தரையில விரிச்சு பிள்ளையைக் குப்புறப் போட்டு விளையாட விடுறோம், பக்கத்துலயே யாராவது உக்காந்திருப்போம். இது வரைக்கும் நாலு தடவை மெஷின்ல துவைச்சாச்சு, ஒரு தையல் விடல, சாயமும் போகல. அடுத்தது பெரியவனுக்கு, 80 துண்டு, அதே கடையில ரெண்டு பண்டில் எடுத்து வச்சிட்டேன்.