730எல்டியா, 750எல்ஐயா: நம்ம ஊருக்கு எந்த என்ஜின்?

பிஎம்டபிள்யூவின் பெரிய சொகுசுக் காரான 7 சீரிஸில் 2009-லிருந்து 2015 வரை இந்தியாவில் விற்ற மாடல் இப்போது செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் பேச்சு இரண்டு வண்டியைச் சுற்றித்தான். ஒன்று 730எல்டி, ஆறு சிலிண்டர் டீசல். இன்னொன்று 750எல்ஐ, எட்டு சிலிண்டர் பெட்ரோல். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, முழங்கால் வலி. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார ஒரு வண்டி வேண்டுமென்று தேடியபோது எங்கள் காரைக்குடிப் பக்கம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் 2014 மாடல் 730எல்டிதான் வீட்டுக்கு வந்தது.

முதலில் எட்டு சிலிண்டரைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அது அவ்வளவு அருமையான என்ஜின். 4.4 லிட்டர், இரட்டை டர்போ (புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி), 2012-க்கு முந்தைய வண்டியில் 407 குதிரைத்திறன். திருமயம் கோட்டையைத் தாண்டி ரோடு கொஞ்சம் காலியான இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். சத்தம் போடவில்லை, குலுங்கவில்லை. சீட்டு முதுகைத் தள்ளியது, அவ்வளவுதான், முன்னால் போன டிப்பர் பின்னால் போய்விட்டது. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வந்த அயித்தான், "இந்த விலைக்கு எட்டு சிலிண்டர், இன்னும் என்ன யோசனை?" என்றார். விலையும் 730-ஐ விடக் குறைவாகத்தான் சொன்னார்கள்.

அந்தக் குறைந்த விலைக்குக் காரணம் இருக்கிறது. என்63 என்ற இந்த என்ஜினில் டர்போ இரண்டும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, வி வடிவப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. டர்போவுக்குப் புகை சீக்கிரம் போய்ச் சேரும், பிக்கப் உடனே கிடைக்கும். ஆனால் சூடு முழுக்க அதே பள்ளத்தில்தான் தங்கும். கானாடுகாத்தானில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். என்ஜினை அணைத்த பிறகும் முன்னால் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, பானட் மேல் கையை வைக்க முடியவில்லை. வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை, அதன் அமைப்பே அப்படி. அந்தச் சூட்டில்தான், வால்வு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் சீல் இறுகி என்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப் கசியும். இது ஊர்ப் பேச்சல்ல. 2014 கடைசியில் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூவே இந்த என்ஜின் உள்ள வண்டிகளுக்குத் தனித் திட்டம் அறிவித்து வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பேட்டரி எல்லாவற்றையும் பரிசோதித்து மாற்றிக் கொடுத்தது. ஆயில் மாற்றும் இடைவெளியையும் 10,000 மைல் அல்லது ஒரு வருடம் என்று குறைத்தது. அமெரிக்காவிலேயே அந்தக் கதை. சித்திரை வெயிலில் காரைக்குடியில்?

இப்போது ஆறு சிலிண்டர். 730எல்டியில் இருப்பது 3 லிட்டர் டீசல், ஆறும் ஒரே நேர்வரிசை. முன் மூன்று பிஸ்டன்களின் ஆட்டத்தைப் பின் மூன்று சரிக்கட்டிவிடுவதால் இந்த அமைப்பில் அதிர்வு இயல்பாகவே அடங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெளியே நின்றால் டீசல் என்று தெரியும். கதவைச் சாத்திவிட்டால் தெரியாது. அப்பச்சி பின்னால் உட்கார்ந்து, "இது டீசலாப்பா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

குதிரைத்திறன் 258-தான். 407 எங்கே, 258 எங்கே என்று தோன்றும். ஆனால் இழுவையை, அதாவது டார்க்கைப் பாருங்கள். 2012-க்குப் பிந்தைய 730எல்டி 560 நியூட்டன் மீட்டர், பழைய 750எல்ஐ 600. வித்தியாசம் வெறும் நாற்பது. டீசலில் அந்த இழுவை 1500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. பிள்ளையார்பட்டி ரோட்டில் பஸ்ஸை ஓவர்டேக் செய்ய அதுதான் தேவை. எட்டு சிலிண்டரின் மிச்சக் குதிரைகளைப் பார்க்க வேண்டுமானால் நூற்றைம்பதுக்கு மேல் போக வேண்டும். ஆடும் மாடும் டிவிஎஸ் 50-யும் குறுக்கே வரும் ரோட்டில் அந்த வேகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய காரணம், நம் வீடுகளில் கார் வாழும் விதம். நம்மில் பாதிப்பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறோம். வண்டி ஷெட்டில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். அப்புறம் ஒரு கல்யாணம், அறுபதாம் கல்யாணம் போல ஒரு சாந்தி என்று வந்தால் ஒரே மூச்சில் சென்னை வரை நானூறு கிலோமீட்டர் ஓடும். நின்று நின்று பேட்டரி இறங்கினால் இந்த வண்டிகளில் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் கோளாறு சொல்லும். எதை வாங்கினாலும் டிக்கியில் இருக்கும் பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும் ஒரு டிரிக்கிள் சார்ஜர் மாட்டி வையுங்கள். ஆனால் திடீரென்று ஏதாவது வந்தால் கம்பெனி சர்வீஸ் உள்ளூரில் இல்லை. நல்ல மெக்கானிக் கைக்குப் போக மதுரை அல்லது திருச்சி, எப்படியும் தொண்ணூறு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, சூட்டிலேயே வாழும் இரட்டை டர்போ எட்டு சிலிண்டரை வயசான காலத்தில் பராமரிக்க நான் தயாரில்லை.

டீசலிலும் கவனிக்க வேண்டியது உண்டு. இந்த என்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் இருக்கிறது. அது தளர்ந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் வேலை பார்க்க முடியும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கமிருந்து சங்கிலி உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நாங்கள் முதலில் பார்த்த ஒரு 730-ஐ விற்பவர் நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். பானட்டைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் போய் நின்றேன், சாவியைக் கொடுக்கவே மனமில்லை அவருக்கு. அந்த வண்டியை அப்படியே விட்டேன். புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் கூலருக்காக 2018-ல் ஐரோப்பாவிலும் தென்கொரியாவிலும் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், அந்தப் பகுதி மாற்றியிருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். ஊருக்குள்ளேயே கொப்புடையம்மன் கோயிலுக்கும் செக்காலை ரோட்டுக்கும் மட்டும் ஓட்டினால் டீசல் என்ஜினில் கரி படியும். அதற்கு எங்கள் வீட்டில் ஆல்டோ இருக்கிறது.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப் கம்பெனியே எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பின்பக்க ஏர் சஸ்பென்ஷனை இராத்திரி நிறுத்தி, காலையில் உயரம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வண்டி 5.2 மீட்டர் நீளம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3.2 மீட்டர். பள்ளத்தூர்ப் பக்கம் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடைகளில் நேராக ஏறினால் அடி தட்டும், சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

அப்படியும் 750-தான் வேண்டும், சத்தமில்லாத அந்தத் தள்ளல்தான் வேண்டும் என்றால், 2012-க்குப் பிந்தைய 450 குதிரைத்திறன் வண்டியைத் தேடுங்கள். வருடத்துக்கு ஒரு ஆயில் பில் தவறாமல் இருக்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது, டேஷ்போர்டில் உள்ள ஐடிரைவ் திரையில்தான் அளவைப் பார்க்க முடியும். ஓட்டிப் பார்க்கும் முன்னும் பின்னும் பாருங்கள். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். நீலப் புகை வந்தால் பேரம் பேசவே வேண்டாம்.