வாடல் நோய் டெஸ்ட் ஸ்ட்ரிப்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

தக்காளி, கத்தரி, மிளகாய் செடிகளை வாட வைக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கும் ஸ்ட்ரிப் இது, எங்கள் ஆய்வு வேலையில் ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறோம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு சிறு துண்டை வெட்டி, கூடவே வரும் பையில் உள்ள கரைசலில் நசுக்கி, ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் நனைத்தால் சில நிமிடங்களில் கோடு தெரிந்துவிடும். இரண்டு கோடு என்றால் பாக்டீரியா இருக்கிறது. மேல் கோடே வரவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, புதிதாக ஒன்றை எடுங்கள்.

வயலில் இதன் அருமை தெரியும். ஃபியூசேரியம் பூஞ்சையாலும் செடி வாடும், பார்வைக்கு இரண்டும் குழப்பும், ஆனால் செய்ய வேண்டியது வேறு வேறு.

குறை என்னவென்றால், நோய் முற்றாத செடியில் பாக்டீரியா குறைவாக இருக்கும்போது ஸ்ட்ரிப் பேசாமல் இருந்துவிடும், அதனால் ஒற்றைக் கோட்டைப் பார்த்து நாற்று சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள், பாக்டீரியாவின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் என்ற ஆய்வகப் பரிசோதனைதான் அதற்குச் சரி. செத்த பாக்டீரியாவையும் இது காட்டும், ஆகவே மருந்து பாக்டீரியாவைக் கொன்றதா என்று சோதிக்க ஆகாது, அதற்கு ஊட்டச்சத்துள்ள ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நன்றாக வாடிய செடி என்றால் முதலில் தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்க விடுங்கள், பால் போல வெள்ளையாக இழை இறங்கினால் பெரும்பாலும் இதே பாக்டீரியாதான், அப்புறம் உறுதி செய்ய ஸ்ட்ரிப்பை எடுத்தால் போதும். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும், டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள்.